முதல் பிடிச் சோற்றில் வேப்பம்பூ

மலாயாவின் சிகாமட் ரயில்வே குவாட்டர்ஸில் அந்தக் காலத்தில் செல்லப்பாக்கியத்தைப் பற்றிப் பேசாத வாய் கிடையாது. அவள் செய்த குற்றம் ஒன்றே ஒன்றுதான்: புருஷனோடு ஊர் சுற்றினாள். வருஷத்துக்கு ஒரு தடவை ரயில்வே கொடுக்கிற இலவசப் பாஸை மற்றவர்கள் திருவிழாவுக்கும் சொந்தக்காரர் கலியாணத்துக்கும் எடுத்து வைப்பார்கள். இவளும் ஏரம்பமூர்த்தியும் அந்தப் பாஸில் சிங்கப்பூருக்குப் போய், நாலு நாள் ஒரு காரியமும் இல்லாமல் நடந்துவிட்டு வருவார்கள். காலையில் கால்வாய்க் கரை. பகலில் மியூசியத்தில் படங்கள். சாயங்காலம் கடற்கரைத் திடலில் பேண்டு வாத்தியம். எதற்குப் போனீர்கள் என்று கேட்டால் இதற்குத்தான் போனோம் என்பார்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்களுக்கு இப்படி ஒரு உல்லாசம் கேட்குதோ என்று அடுத்த வீட்டு அன்னலட்சுமி குழாயடியில் நின்று கேட்டாள். கேட்கட்டும். பறிகொடுத்ததனால்தான் போனார்கள் என்பது அவளுக்கு எங்கே தெரியப் போகிறது?

ஏரம்பமூர்த்தி யாழ்ப்பாணத்திலிருந்து ஆயிரத்துத் தொளாயிரத்துப் பன்னிரண்டில் தந்தி கிளார்க்காக வந்தவர். ஐந்து வருஷம் கழித்து ஊருக்குப் போய்ப் பாக்கியத்தைக் கட்டிக் கூட்டி வந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் ஏழாவது வரைக்கும் படித்தவள், ஆங்கிலம் வாசிப்பாள். வந்த வருஷம் சிகாமட்டில் அடைமழை. ஆறு பெருகித் தண்டவாளம் முங்கி, பதினோரு நாள் ரயில் இல்லை. செய்ய வேலையில்லாத மனுஷர் புதுப் பெண்சாதிக்குத் தந்தி அடிக்கக் கற்றுக் கொடுத்தார். மேசையில் விரலால் தட்டுவார், அவள் என்ன எழுத்து என்று சொல்ல வேண்டும். மழை விடுவதற்குள் அவளும் தட்டப் பழகிவிட்டாள். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டுகிற ஒரு பாஷை இருவருக்குள்ளும் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு இந்த இரண்டு பேரும் அடித்த கூத்தைக் கேட்கவேண்டுமே. விருந்துக்குப் போன வீட்டில், சேலைத் தலைப்புக்குள் அவள் உள்ளங்கையைப் பிடித்துக்கொண்டு, 'சோறு வேகவில்லை' என்று தட்டுவார். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வரும். மியூசியத்து மாடியில் தங்கச் சட்டம் போட்ட பெரிய படங்கள் வரிசையாக இருக்கும். அதில் ஒரு துரைசானி, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருப்பாள். அவளைப் பார்க்கிறபோதெல்லாம், 'உம்முடைய பெரியம்மா' என்று தட்டுவார். கடைசிவரைக்கும் அந்தப் படத்துக்கு அதுதான் பெயர்.

ஆனால் இதெல்லாம் பிந்திய கதை. முதலில் புஷ்பவள்ளி பிறந்தாள். மூன்று வயது வரைக்கும் இருந்தாள். இருபத்திரண்டாம் வருஷம் மழைக்காலத்தில் குளிர்க்காய்ச்சல் வந்து, ஐந்தே நாளில் போய்விட்டாள். அதைப் பற்றிப் பாக்கியம் யாரிடமும் பேசியதில்லை. நானும் அதை விஸ்தாரமாகச் சொல்லப் போவதில்லை. பெற்ற வயிறு பற்றி எரிந்தது, அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அவளுக்கு ஒரே பயம் பிடித்துக்கொண்டது. இந்த மனுஷரும் காய்ச்சலில் போய்விட்டால்? காட்டைச் சுற்றி வைத்துக்கொண்டிருக்கிற ஊர், மாதத்துக்கு ஒரு கூலியாவது காய்ச்சலில் சாகிற ஊர். ரயில்வே மருந்துச்சாலை மருந்து கொடுக்கிற டிரெஸர் சதாசிவம் எல்லாருக்கும் காய்ச்சல் வராமல் இருக்கக் கொயினா மாத்திரை கொடுத்து வந்தார். ஸ்டேஷன்காரர்களுக்கு ஸ்டேஷனில், வீட்டுப் பெண்களுக்கு வீட்டில். ஏரம்பமூர்த்திக்கு அந்த மாத்திரையைக் கண்டாலே ஆகாது. தின்றால் காதுக்குள் வண்டு இரைகிறது, தந்தி கேட்க முடியவில்லை என்பார். ஒரு நாள் அவள் தின்னச் சொல்லிக் கெஞ்சப்போக, அவர் சத்தம் போட்டுவிட்டார். ஸ்டேஷனில் கொடுக்கிறதைச் சாக்கடைக் கானுக்குள் வீசுகிறேன், இனிமேலும் வீசுவேன், நீர் இதைப் பற்றி வாயே திறக்கக்கூடாது என்றார். அவள் வாயைத் திறக்கவில்லை.

ஊரிலிருந்து அவள் தாய் வருஷா வருஷம் காய்ந்த வேப்பம்பூவைத் தகரப் பேணியில் அடைத்து அனுப்புவாள். அதை நல்லெண்ணெயில் வறுத்துப் பொடித்து, முதல் பிடிச் சோற்றில் பிசைந்து சாப்பிட்டால்தான் ஏரம்பமூர்த்திக்குச் சாப்பாடு இறங்கும். பாக்கியம் என்ன செய்தாள் தெரியுமா? தன் பங்குக்கு வந்த கொயினா மாத்திரையை அம்மியில் வைத்து மாவாக்கி, அந்த வேப்பம்பூவோடு கலந்தாள். கசப்புக்குள் கசப்பு போனால் எந்த நாக்கு கண்டுபிடிக்கும்? மழைக்காலம் வந்தால் சீனன் கடையில் ஒரு போத்தல் கொயினா வாங்கி, போடுகிற அளவை இரண்டு மடங்காக்குவாள், மூன்று மடங்காக்குவாள். தனக்கென்று ஒன்றுகூட வைத்துக்கொள்ளவில்லை. அவளுக்கு இரண்டு முறை காய்ச்சல் வந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்து எழுந்தாள். அவருக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. உங்கள் வீட்டு வேப்பம்பூ வரவர நல்லாய்க் கசக்கிறது என்று மாமியாருக்குக் கடிதம் எழுதிப் போட்டார் மனுஷர். அதைப் படித்துக் காட்டியபோது பாக்கியம் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தாள்.

பிள்ளை போய் இரண்டு வருஷம் கழித்துத்தான் முதல் சிங்கப்பூர்ப் பயணம். வீட்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருப்பதைப் பொறுக்க முடியாமல் அவர்தான் பாஸ் எடுத்தார். ஜொகூர் கடலைக் கட்டி அப்போதுதான் பாலம் போல் பாதை போட்டு ரயில் விட்டிருந்தார்கள். இரண்டு பக்கமும் தண்ணீர் விரிந்து கிடக்க, நடுவில் ரயில் மெதுவாகப் போனது. அவள் இரண்டு வருஷத்துக்குப் பிறகு ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டிப் பார்த்தாள். அது போதும் அவருக்கு. அன்றிலிருந்து ஒரு வருஷமும் தவறவில்லை. தமிழர் நிறைந்த தேக்காப் பக்கம் ஒரு தெரிந்தவர் வீட்டில் பெட்டியை வைத்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். கால்வாயில் விறகும் கரியும் ஏற்றிய தோணிகள் கழியூன்றிப் போகும். எந்தத் தோணி முதலில் பாலத்தைக் கடக்கும் என்று பந்தயம் பிடிப்பார்கள். தோற்றவர் மற்றவருக்குக் கச்சான் கடலை வாங்கித் தரவேண்டும். எப்போதும் பாக்கியம்தான் ஜெயிப்பாள். அவர் வேண்டுமென்றே பாரம் கூடின தோணியைச் சொல்வார் என்பது அவளுக்கும் தெரியும்.

இருபத்தேழாம் வருஷ வாக்கில் அவருக்குக் காது மந்தமானது. முதலில் குயில் சத்தம் கேட்கவில்லை என்றார். பிறகு கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஸ்டேஷனில் தந்திக் கருவி தட்டுவது கேட்காமல் போக, கருவியின் மேல் ஒரு விரலை வைத்து, அது துடிக்கிற துடிப்பை விரலாலேயே வாசித்துச் சமாளித்தார். அப்படியே ஒரு வருஷத்துக்கு மேல் ஓட்டினார் என்றால் பாருங்கள், எவ்வளவு கெட்டிக்காரர். ஆனால் வண்டி வருகிறது என்று அடிக்கிற ஸ்டேஷன் மணிக்கு விரல் வைக்க முடியாதே. இருபத்தொன்பதாம் வருஷம் ஒரு நாள், மணி அடித்தது கேட்காமல் ஒரு சாமான் வண்டியை வெளியே முக்கால் மணி நேரம் நிறுத்திவிட்டார். சேதம் ஒன்றும் இல்லை. ஆனாலும் மேலதிகாரி லீவு கொடுத்து, சிங்கப்பூரில் காது டாக்டரைப் பார்த்துக் கடிதம் வாங்கி வரச் சொன்னார். காது திரும்பும் என்று டாக்டர் எழுதினால் வேலை இருக்கும். இல்லாவிட்டால் வீட்டுக்கு.

ஏரம்பமூர்த்தி அதற்கெல்லாம் அசரவில்லை. எப்படியும் பாஸ் எடுக்கிற மாதம்தானே, டாக்டரையும் பார்த்துவிட்டு நம்முடைய சுற்றலையும் சுற்றிவிட்டு வருவோம் என்றார். முதல் நாள் மியூசியத்துக்குப் போனார்கள். பெரியம்மாவைப் பார்த்துக் கும்பிடு போட்டார். ஐந்து வருஷமாக ஒரே இடத்தில் உட்கார்ந்திருக்கிறாளே, இடுப்பு வலிக்காதா என்று அவள் கையில் தட்டினார். பாக்கியம் சிரித்தாள். காது திரும்பிவிடும் என்று அவள் அப்போது நம்பிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை டாக்டர். வெள்ளைக்காரர், வயதானவர், பொறுமையானவர். ஒரு இசைக்கவட்டைத் தட்டி அதிரவைத்து நெற்றியில் வைத்துப் பார்த்தார், காதுக்குப் பின்னால் வைத்துப் பார்த்தார். கேள்விகளைத் தாளில் எழுதிக் காட்டினார். ஏரம்பமூர்த்தி பதிலை உரக்கச் சொன்னார். பாக்கியம் பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கொயினா தின்கிறாயா என்று டாக்டர் எழுதினார். தின்கிறேன், ஸ்டேஷனில் தினம் ஒரு மாத்திரை, ஆறு வருஷமாக ஒரு நாளும் தவறியதில்லை என்றார் அவர்.

ஸ்டேஷனில் தின்றதும் சோற்றில் போட்டதும் சேர்ந்தே உள்ளே போயிருக்கின்றன என்று பாக்கியத்துக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் அவளைத் திரும்பிப் பார்த்து, கொஞ்சம் வெட்கத்தோடு, தமிழில் விளக்கம் வேறு சொன்னார். அன்றைக்குச் சத்தம் போட்டுவிட்டு ஒரு மாதம் வீசினாராம். அப்புறம் ஒரு கூலி காய்ச்சலில் செத்ததைப் பார்த்து, நான் போனால் இவளுக்கு யார் இருக்கிறார்கள் என்று தின்னத் தொடங்கினாராம். சத்தம் போட்ட வாயால் அதை எப்படி வந்து சொல்வது என்று விட்டுவிட்டாராம். ஆம்பிளை ரோசம். அந்தப் பாழாய்ப்போன ரோசத்தை நான் என்னவென்று சொல்ல.

டாக்டருக்குத் திருப்தியில்லை. ஒரு மாத்திரை இந்த வேலையைச் செய்யாது, இது அளவுக்கு மிஞ்சிக் கொயினா தின்றவர்களுக்கு வருகிற செவிடு. வேறு ஏதாவது மருந்து தின்கிறாயா என்று எழுதினார். ஏரம்பமூர்த்தி தலையை நிமிர்த்திச் சொன்னார்: "வேறொன்றும் இல்லை ஐயா. நான் சாப்பிடுவதெல்லாம் என் மனைவி தன் கையால் சமைப்பது."

டாக்டர் அவள் பக்கம் திரும்பிக் கேட்டார். அவள் இல்லை என்று தலையாட்டினாள். ஏன் அப்படி ஆட்டினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. பொய் சொல்லிப் பழக்கமில்லாதவள். டாக்டர் பெருமூச்சு விட்டு, அவர் காதில் விழாது என்ற தைரியத்தில், அவளிடம் நேராகச் சொன்னார்: ஆரம்பத்திலேயே நிறுத்தியிருந்தால் திரும்பியிருக்கும். இனித் திரும்பாது, அம்மா. கடிதத்தை மடித்து அவள் கையில் கொடுத்தார்.

வெளியே வந்ததும் என்ன சொன்னார் என்று அவர் கேட்டார். கையை நீட்டினார், அவள் தட்டினாள்: 'இனித் திரும்பாதாம்.' அவர் கடிதத்தை வாங்கிக் கோட்டுப் பைக்குள் வைத்தார். பிறகு, அது கிடக்கட்டும், சாயங்காலம் பேண்டு இருக்கிறது, போவோம் என்றார். அவளுக்கு அழுகையை அடக்க முடியவில்லை. வேலை போன துக்கம் என்று நினைத்து அவர்தான் தேற்றினார்.

திடலில் அன்றைக்கு நல்ல கூட்டம். வெள்ளை உடுப்புப் போட்ட பேண்டுக்காரர்கள் வட்டமாக நின்று வாசித்தார்கள். ஏரம்பமூர்த்தி முதல் வரிசை மர வாங்குப் பலகையில் உட்கார்ந்து, அதன் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பெரிய மேளம் அதிர்வது அதில் தெரிகிறது என்றார். அந்த அதிர்வுக்குத் தலையாட்டிக்கொண்டு, பித்தளைக் குழல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் தலையாட்டலைப் பார்த்ததும் பாக்கியத்துக்கு உயிரே போனது. அவளால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. பேண்டைப் பார்த்தபடியே, வாய்விட்டுச் சொன்னாள்.

"இஞ்சாருங்கோ, உங்கடை காதைக் கெடுத்தது நான்தான். வேப்பம்பூவுக்குள்ளை கொயினா போட்டனான். ஆறு வருஷம் போட்டனான். என்ரை பங்கையும் உங்களுக்குத்தான் தந்தனான். பிள்ளை போன மாதிரி நீங்களும் போயிடுவியள் எண்டு பயந்துதான் செய்தனான்."

சொல்லி முடித்தபோது பேண்டும் முடிந்தது. ஜனங்கள் கை தட்டினார்கள். அதைப் பார்த்து அவரும் தட்டினார். திரும்பி, வழக்கத்தைவிட உரத்த குரலில், நன்றாக வாசிக்கிறார்கள் என்றார்.

அவர் காதில் விழாமல் சொன்னது சொன்னதாகுமா? ஆகாது. அது அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. ஆனாலும் ஒரு பாரம் இறங்கின மாதிரி இருந்தது, பாவம்.

மறுநாள் காலையில் கால்வாய்க்குப் போனார்கள். கரித்தோணி ஒன்றும் விறகுத்தோணி ஒன்றும் வந்துகொண்டிருந்தன. அவர் பந்தயம் பிடிக்கவில்லை. கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு, அவள் முகத்தையே பார்த்தார்.

"நேற்று பேண்டுக்குப் பக்கத்திலை நீர் கனநேரம் கதைச்சீர். வாயைப் பார்த்தனான். அது பாட்டைப் பற்றின கதை இல்லை. என்னெண்டு சொல்லும்."

உள்ளங்கையை விரித்து அவள் முன்னால் நீட்டினார். நீட்டின கையில் பொய்யைத் தட்டியிருக்கலாம். ஊருக்குப் போகவேண்டும் என்று அழுதேன், பிள்ளையை நினைத்து அழுதேன் என்று எதையாவது தட்டியிருந்தால் அவர் நம்பியிருப்பார். தலையால் பொய் சொன்னவளுக்கு விரலால் பொய் சொல்ல வரவில்லை. ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினாள். வேப்பம்பூ என்பதற்கே எத்தனை எழுத்து. நடுவில் இரண்டு எழுத்துத் தப்பாகப் போனது, திருப்பித் தட்டினாள். என் பங்கு என்றாள். சீனன் கடைப் போத்தல் என்றாள். டாக்டரிடம் இல்லை என்று தலையாட்டினேன் என்றாள். ஒன்றையும் மறைக்கவில்லை.

அவர் கையை இழுத்துக்கொண்டார். கோட்டுப் பைக்குள் போட்டுக்கொண்டார். இரண்டு தோணியும் பாலத்தைக் கடந்து போயின.

ரயிலில் அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். கடல் வந்தது, ஜொகூர் வந்தது, குளுவாங் வந்தது. ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாகப் போய்க்கொண்டே இருந்தன. பைக்குள் போன கை வெளியே வரவில்லை. கை வராவிட்டால் அவள் அவரோடு எப்படிப் பேசுவாள்? வாயால் பேசினால் கேட்காது. எழுதிக் காட்டலாம், ஆனால் எந்த முகத்தோடு எழுதுவது? பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, இரண்டு பேரும் இரண்டு ஊரில் இருந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அவள் கொயினாப் போத்தலைக் கானுக்குள் கொட்டினாள். வேப்பம்பூப் பேணியை மேல் தட்டில் கண்ணில் படாமல் ஒளித்து வைத்தாள். அவர் கடிதத்தைக் கொண்டுபோய் ஸ்டேஷனில் கொடுத்தார். மாதம் முடிய வேலையை விடச் சொன்னார்கள். குவாட்டர்ஸைக் காலி செய்துவிட்டு எங்கே போவது என்ற பேச்சுக்கூட அந்த வீட்டில் எழவில்லை. அவர் வருவார், சாப்பிடுவார், முன்வாசலில் நாற்காலியைப் போட்டுத் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். வண்டி வருவது தரை அதிர்வதில் தெரியும், அப்போது மட்டும் நிமிர்ந்து உட்காருவார். சாப்பிடுகிற நேரம் போக வலது கை மடித்தே இருந்தது. திட்டித் தொலைத்தாலாவது அழுது தீர்க்கலாமே என்று பாக்கியம் தவித்தாள். கோழியைத் துரத்துகிற சாக்கில் கொல்லைக்குப் போய் அழுதாள்.

ஒன்பதாம் நாள் மத்தியானம். அவள் சோற்றைப் போட்டாள், பருப்பை ஊற்றினாள். அவர் சாப்பிடவில்லை. சோற்றுக் கோப்பையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். பிறகு, தன் குரல் எவ்வளவு உரக்கப் போகிறது என்று தெரியாமல், அடுத்த வீட்டு அன்னலட்சுமிக்கும் கேட்கும்படி கேட்டார்.

"வேப்பம்பூ எங்கை?"

அவரே எழுந்துபோய், ஒளித்து வைத்த இடம் ஏற்கெனவே தெரிந்தவர் மாதிரி, மேல் தட்டிலிருந்து பேணியை எடுத்து அவளிடம் கொடுத்தார். அவள் வறுத்தாள். நல்லெண்ணெய்ப் புகையில் கண் கரித்தது. பொடித்துக் கொண்டுவந்து, அவர் பார்க்கும்படி, வேறொன்றும் சேர்க்காமல் கோப்பையின் ஓரத்தில் வைத்தாள். அவர் முதல் பிடியைப் பிசைந்து வாயில் போட்டார். மெதுவாக மென்றார். அவள் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

"முந்தின கசப்பு இல்லை," என்றார்.

சொல்லும்போது அவர் கண் நிறைந்துவிட்டது. சாப்பிட்ட கை எச்சிலாக இருந்ததனால், இடது கையை மேசைக்கு மேலே நீட்டி, உள்ளங்கையை விரித்து வைத்தார். பாக்கியம் வந்து உட்கார்ந்து அந்தக் கையின் மேல் விரலை வைத்தாள். என்ன தட்டுவது என்று தெரியவில்லை. விரலை அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள்.